கடை வாடகை பாக்கி: கட்டு அல்லது காலி செய், நடுவில் ஒரு வழி வேண்டாமா?



நமது இதழில் ஜி.எஸ்.டி., எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம், தொழில் வரி என்று பல விஷயங்களைப் பற்றி நம் நிர்வாகிகளும் ஆடிட்டர்களும் விளக்கமாக எழுதி வருகிறார்கள். ஆனால் மாதம் பிறந்தால் முதல் வாரத்தில் நம் அனைவரின் மனத்திலும் நிற்கிற ஒரு செலவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அதுதான் கடை வாடகை. அதிலும் வாடகை பாக்கி என்றால் வெளியில் சொல்லவே கூச்சப்படுகிறோம். சரக்குக் கடன் இருக்கிறது என்று சொல்வதில் வெட்கமில்லை. வாடகை நிற்கிறது என்று சொன்னால் கடையே ஆட்டம் கண்டுவிட்டது என்று ஊர் பேசும்.

நான் மம்சாபுரத்திலும் சுற்றுக் கிராமங்களிலும் உள்ள மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போடுகிற மொத்த வியாபாரி. பள்ளிக்கூடப் படிப்போடு கடையில் உட்கார்ந்தவன். சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் நாற்பது வருடத்துக்கு மேலாகப் பேரேடு பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இன்றைய நிலையில் வாடகை பாக்கி விழுந்தவருக்குச் சட்டம் காட்டுகிற வழிகள் இரண்டே: மொத்தமாகக் கட்டு, இல்லாவிட்டால் காலி செய். இதற்கு நடுவில் ஒரு தவணை வழியை அரசு ஏற்படுத்தித் தர வேண்டும். ஊரே முடங்குகிற பேரிடர் காலத்தில் அந்த நஷ்டத்தில் ஒரு பங்கை அரசும் ஏற்க வேண்டும். இது வாடகைக்காரருக்காக மட்டும் கேட்பது அல்ல. கட்டட உரிமையாளருக்காகவும் கேட்பது.

பாக்கி எங்கே பிறக்கிறது?

வாடகையை வேண்டுமென்றே நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பெரும்பாலான பாக்கி கடைக்காரரின் கல்லாவில் பிறப்பதில்லை. வாடிக்கையாளரின் அடுப்படியில் பிறக்கிறது.

நம் வட்டார வியாபாரம் எதை நம்பி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். ராஜபாளையத்தில் மில் ஷிப்டு குறைந்தால், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகள் மூடினால், மழை பொய்த்து வயல் வேலை நின்றால், அடுத்த வாரமே மளிகைக் கடையின் கடன் நோட்டு கனத்துவிடும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பசுமைப் பட்டாசு மட்டுமே தயாரிக்க வேண்டும், பேரியம் உப்பு கூடாது என்று உத்தரவிட்டது. அதைத் தொடர்ந்து நவம்பரில் மூடிய ஆலைகள் பல மாதங்கள் திறக்கவில்லை. தொழிலாளி வீட்டில் கூலி நின்றது. அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்குவது நிற்குமா? நிற்காது. கடனுக்குப் போகும். கடைக்காரரும் முகம் பார்த்துக் கொடுப்பார். கொடுக்காவிட்டால் அந்தக் குடும்பம் அடுத்த கடைக்குப் போய்விடும். பழைய பாக்கியும் வராது.

இப்படி விற்பனை ஏறும், இறங்கும். கடன் சுருங்கும், நீளும். வாடகை மட்டும் அசையாது. ஆடி மாதமானாலும் தீபாவளி மாதமானாலும் அதே தொகை. இருக்கிற பணத்தில் கடைக்காரர் முதலில் யாருக்குக் கொடுப்பார்? சரக்குக்காரனுக்குத்தான். சரக்கு இல்லாவிட்டால் கடையைத் திறந்து என்ன பயன்? ஆகவே வாடகை பின்னால் போகிறது. ஒரு மாதம் இரண்டு மாதமாகிறது, இரண்டு நான்காகிறது.

உரிமையாளரும் நம்மவரே

நம் சங்கத்தில் இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் கட்டட உரிமையாளரை எதிர்க்கட்சி போலப் பேசுகிறோம். இது சரியில்லை. நம் ஊர்களில் கடைக் கட்டடம் வைத்திருப்பவர்களில் பலர் யார்? வியாபாரம் செய்து ஓய்ந்தவர், கணவர் விட்டுப்போன இரண்டு கடை வாடகையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தாய்மார், ரிட்டயரான பணத்தைப் போட்டுக் கடை கட்டியவர். நம் உறுப்பினர்களிலேயே ஒரு தெருவில் வாடகைக்காரராகவும் அடுத்த தெருவில் உரிமையாளராகவும் இருப்பவர்கள் உண்டு.

அவர்களுக்கும் செலவு நிற்பதில்லை. 2022-ல் தமிழகம் முழுவதும் சொத்து வரி உயர்த்தப்பட்டது. வீடுகளைவிடக் கடைக் கட்டடங்களுக்குச் சுமை அதிகம். கட்டடத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால் வாடகை வந்தாலும் வராவிட்டாலும் தவணை தேதி தவறாமல் வரும். நான்கு மாத வாடகை நின்றால் அந்த வீட்டிலும் மளிகைக் கடன் ஏறும். அதுவும் நம் கடையில்தான் ஏறும்.

இதில் என் சுயநலமும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு மளிகைக் கடை வாடகைத் தகராறில் பூட்டப்பட்டால் அந்தக் கடையின் பேரில் என் ஏட்டில் இருக்கிற பற்றும் உள்ளேயே பூட்டப்படும். மொத்த வியாபாரிகள் அனைவரின் நிலையும் இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்மில் பலர் இன்னும் பழைய சட்டத்தை நினைத்துக்கொண்டே பேசுகிறார்கள். தமிழ்நாடு கட்டடங்கள் (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டம், 1960 இப்போது நடைமுறையில் இல்லை. அதற்குப் பதிலாக நில உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 22.2.2019 முதல் அமலில் இருக்கிறது.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பழைய சட்டத்தில் வாடகை பாக்கிக்காக ஒருவரை வெளியேற்ற வேண்டுமானால் அவர் 'வேண்டுமென்றே' நிறுத்தினாரா என்ற கேள்வி வரும். நோட்டீஸ் கொடுத்து இரண்டு மாதம் ஆகியும் கட்டாவிட்டால் அது வேண்டுமென்றே செய்ததாகக் கொள்ளப்படும். இதை வைத்தே எத்தனையோ வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 1985-ல் சுந்தரம் பிள்ளை வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வார்த்தைக்கு நீண்ட விளக்கமே கொடுத்தது. அதனால் நேர்மையான வாடகைக்காரருக்கு மூச்சு விட நேரம் கிடைத்தது உண்மை. நேர்மையில்லாதவர் அதே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வருடக் கணக்கில் இழுத்தடித்ததும் உண்மை. உரிமையாளர்கள் பட்ட கசப்பு கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கசப்பினால்தான் பெரிய அட்வான்ஸ் கேட்பதும், ரசீது கொடுக்க மறுப்பதும், பதினொரு மாத எழுத்தும் வழக்கமாயின.

புதிய சட்டத்தில் 'வேண்டுமென்றே' என்ற வார்த்தை கிடையாது. இரண்டு மாத வாடகை நின்று, உரிமையாளர் முறைப்படி கேட்பு நோட்டீஸ் கொடுத்து, ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழு பாக்கியும் கட்டப்படாவிட்டால், கடையை மீட்க அவர் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம். அந்த ஒரு மாதத்துக்குள் முழுவதையும் கட்டிவிட்டால் பாக்கியைக் காரணம் காட்டி வெளியேற்ற முடியாது. ஆனால் ஒருமுறை இந்தச் சலுகையைப் பெற்றவர் அதன் பின் ஓராண்டுக்குள் தொடர்ந்து இரண்டு மாதம் நிறுத்தினால் சலுகை மறுபடி கிடையாது. அதாவது, பாக்கி ஏன் விழுந்தது என்பது இப்போது கேள்வி அல்ல. விழுந்ததா இல்லையா என்பதே கேள்வி.

வாடகைக்காரருக்குப் பாதுகாப்பான விதிகளும் இந்தச் சட்டத்தில் உண்டு. உரிமையாளர் வாடகை வாங்க மறுத்தால், தொடர்ந்து இரண்டு மாதம் மணியார்டரிலோ வேறு வழியிலோ அனுப்பிப் பார்த்து, அப்போதும் வாங்காவிட்டால் வாடகை அதிகாரியிடம் செலுத்தலாம். கட்டிய வாடகைக்கு ரசீது கேட்டுப் பெற உரிமை உண்டு. வேறுவிதமாக எழுதிக்கொள்ளாத வரையில் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. தகராறு நடக்கிறது என்பதற்காகத் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக்கூடாது.

ஆனால் இவை அனைத்துக்கும் அடிப்படை எழுத்து. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எழுதிய 90 நாட்களுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் வழியாகவே பதிவு செய்யலாம். வாடகை அதிகாரி என்பவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி. நம் கடைவீதிகளில் எத்தனை கடைகளுக்கு இப்படிப் பதிவு எண் இருக்கிறது? ஒவ்வொருவரும் தம் பீரோவைத் திறந்து பார்த்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று. பேரூராட்சி, நகராட்சி போன்றவை தாங்களே கட்டி வாடகைக்கு விட்ட கடைகள் இந்தச் சட்டத்தின் கீழ் வராது. அவற்றுக்கு விதிகள் தனி. ஆகவே ஒரே கடைவீதியில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்களுக்கு வேறு வேறு நியாயம்.

கொரோனா காட்டிய பாடம்

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது 2020-ல் தெரிந்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. மளிகைக் கடைகள் நேரக் கட்டுப்பாட்டோடு திறந்திருந்தன. ஜவுளி, ஃபேன்சி, பாத்திரம், டீக்கடை, தையல் கடை எல்லாம் பூட்டு. 2021 மே 24 முதல் தளர்வில்லாத முழு ஊரடங்கு வந்தபோது மளிகைக் கடைகளும் பூட்டப்பட்டன.

அப்போது யாருக்கு என்ன கிடைத்தது? 29.3.2020 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட உத்தரவு, வாடகை வீட்டில் குடியிருக்கும் தொழிலாளர்களிடம் ஒரு மாத வாடகை கேட்கக்கூடாது என்றது. வீட்டுக்குச் சொன்னார்கள், கடைக்குச் சொல்லவில்லை. வங்கிக் கடன் தவணைக்கு ரிசர்வ் வங்கி முதலில் மூன்று மாதமும் பின்பு மேலும் மூன்று மாதமுமாக 2020 ஆகஸ்ட் இறுதி வரை அவகாசம் கொடுத்தது. ஏற்கெனவே வங்கியில் தொழில் கடன் வைத்திருந்தவர்களுக்கு அரசு உத்தரவாதத்தோடு கூடுதல் கடன் கிடைத்தது. தெருவோர வியாபாரிகளுக்குப் பத்தாயிரம் ரூபாய் கடன் திட்டம் வந்தது. நகர்ப்புற உள்ளாட்சிக் கடைகளுக்குத் தமிழக அரசு இரண்டு மாத வாடகையைத் தள்ளுபடி செய்தது. இவை அனைத்தும் நல்லவையே. ஆனால் தனியார் கட்டடத்தில் கடை வைத்து, வங்கிக் கடன் இல்லாமல், கைமுதலை வைத்து ஓட்டிய சிறு கடைக்காரருக்கும், அவருக்குக் கட்டடம் கொடுத்த சிறு உரிமையாளருக்கும் இதில் எந்தப் பந்தியிலும் இலை போடவில்லை.

நீதிமன்றத்துக்குப் போனால் தீருமா? டெல்லி கான் மார்க்கெட்டில் ஒரு செருப்புக் கடைக்காரர், ஊரடங்கில் வியாபாரம் இல்லை, வாடகையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று கேட்டார். கட்டடத்தை வைத்துக்கொண்டே வாடகை தரமாட்டேன் என்று சொல்ல முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. கட்டும் தேதியை மட்டும் சற்றுத் தள்ளிக்கொடுத்தது. அதே டெல்லியில் ஏழை வாடகைக்காரர்களின் வாடகையை அரசே கட்டும் என்று முதலமைச்சர் 2020 மார்ச்சில் பேட்டியில் சொன்னார். அந்த வாக்குறுதி அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021 ஜூலையில் தனி நீதிபதி தீர்ப்புச் சொன்னார். இரண்டே மாதத்தில் டிவிஷன் பெஞ்ச் அதற்குத் தடை விதித்தது. வாய்ச் சொல்லை நம்பி வாடகை கட்ட முடியாது. எழுத்தில் திட்டம் வேண்டும்.

இது கொரோனாவோடு போய்விட்ட விஷயமும் அல்ல. 2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் ஸ்ரீவைகுண்டம், ஏரல் கடைவீதிகளைப் புரட்டிப் போட்டது. மூட்டை மூட்டையாகச் சரக்கு நனைந்தது. பாதித்த குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் நிவாரணம் வந்தது. சிறு வியாபாரிகளுக்குக் கடன் உதவியும் அறிவித்தார்கள். சேறு அள்ளிக்கொண்டிருந்த மாதத்துக்கும் கடை வாடகை உண்டே, அதை யார் கட்டுவது என்ற கேள்விக்கு அங்கேயும் ஒரு கணக்கு இல்லை.

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

நம்மவர்கள் நிறையப் பேர் கடை வைத்திருக்கும் சிங்கப்பூரை முதலில் பார்ப்போம். 2020-ல் அங்கே இதற்கென்றே சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். வியாபாரம் வெகுவாக விழுந்த சிறு, நடுத்தரக் கடைகளுக்கு நான்கு மாதம் வரை வாடகை விலக்கு. அதில் இரண்டு மாத அளவை அரசு ஏற்றது. இரண்டு மாத அளவை உரிமையாளர் ஏற்றார். அரசு தன் பங்கைச் சொத்து வரித் தள்ளுபடியாகவும் ரொக்கமாகவும் உரிமையாளருக்குக் கொடுத்தது. அந்தத் தள்ளுபடி வாடகைக்காரருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே எழுதினார்கள். மிச்சமிருக்கும் பாக்கியை ஒன்பது மாதம் வரை தவணையில் கட்டலாம், வட்டி ஆண்டுக்கு 3 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றும் வைத்தார்கள்.

கனடாவில் முதலில் போட்ட திட்டத்தில் வாடகையில் பாதியை அரசு கொடுத்தது. கால் பங்கை வாடகைக்காரர் கட்ட வேண்டும், கால் பங்கை உரிமையாளர் விட்டுக்கொடுக்க வேண்டும். ஆனால் உரிமையாளர்தான் மனுப் போட வேண்டும் என்று வைத்ததால், அவர் போடாத இடங்களில் வாடகைக்காரர் கை பிசைந்து நின்றார். அதைப் பார்த்துவிட்டு 2020 கடைசியில் வாடகைக்காரரே நேரடியாகக் கேட்டுப் பெறும் வேறு திட்டம் கொண்டுவந்தார்கள்.

இங்கிலாந்தில் ஊரடங்கில் மூடிய கடைகளின் வாடகை பாக்கிக்கென்றே 2022 மார்ச்சில் ஒரு சட்டம் போட்டார்கள். இரு தரப்பும் பேசித் தீராவிட்டால் நடுவர் தீர்ப்பார். பாக்கியில் ஒரு பகுதியைக் குறைக்கவோ, கட்டுவதற்கு 24 மாதம் வரை தவணை கொடுக்கவோ அவருக்கு அதிகாரம்.

இவை பணக்கார நாடுகள், நமக்கு ஒத்து வருமா என்று கேட்கலாம். பணத்தைப் பொறுத்தவரை அது நியாயமான கேள்வி. ஆனால் தவணை கொடுப்பதற்கு அரசுக்குப் பத்துப் பைசா செலவில்லை. அதற்கு வேண்டியது ஒரு விதி மட்டுமே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

மாதம் 5,000 ரூபாய் வாடகையில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். நான்கு மாத பாக்கி 20,000. அட்வான்ஸ் 15,000. வாடிக்கையாளர் கடன் நோட்டில் 40,000. மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டியது 60,000. நம் பக்கத்தில் சாதாரணமாக இருக்கக்கூடிய கணக்குதான்.

கடையைக் காலி செய்யச் சொன்னால் என்ன ஆகும்? அட்வான்ஸைக் கழித்தாலும் உரிமையாளருக்கு 5,000 நிற்கும். அடுத்த ஆள் வரும் வரை ஆறு மாதம் கடை காலியாகக் கிடந்தால் 30,000 போகும். வக்கீல் செலவு தனி. கடைக்காரருக்கு 40,000 கடன் நோட்டில் பாதி வந்தால் அதிர்ஷ்டம். கடை திறந்திருக்கும் வரைதான் அந்த நோட்டுக்கு மதிப்பு. ரேக், தராசு, ஃபிரீசர் எல்லாம் பாதி விலை. மொத்த வியாபாரியின் 60,000 கேட்கும் இடம் தெரியாமல் போகும். 20,000 ரூபாய் பாக்கிக்காக மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு லட்சத்துக்கு மேல் இழக்கிறோம்.

அதே 20,000-ஐ மாதம் 2,000 வீதம் பத்துத் தவணையாகப் பிரித்தால்? கடைக்காரர் பத்து மாதம் 5,000-க்குப் பதில் 7,000 கட்ட வேண்டும். கஷ்டம்தான், ஆனால் முடியும். கடை திறந்திருக்கும். உரிமையாளருக்கு ஒரு ரூபாய் குறையாது. விவரமான உரிமையாளர்கள் பலர் இதைத் தாமாகவே செய்கிறார்கள். ஆனால் அது அவர் மனசையும் இவர் நாணயத்தையும் பொறுத்ததாக இருக்கிறது. நடுவில் ஒரு பேச்சு தடித்துவிட்டால் எல்லாம் போச்சு.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை

முதலாவது, வாடகை அதிகாரி முன்பாகத் தவணை ஒப்பந்தம். பதிவு பெற்ற ஒப்பந்தம் உள்ள வாடகைக்காரர், கேட்பு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் மனுக் கொடுத்தால், பாக்கியைப் பன்னிரண்டு மாதம் வரை தவணையாகக் கட்ட வழி செய்ய வேண்டும். நடப்பு வாடகையும் தவணையும் தவறாமல் வரும் வரை வெளியேற்றக் கூடாது. இரண்டு தவணை தவறினால் மறு விசாரணை இல்லாமல் உரிமையாளர் கடையை மீட்கலாம். இப்படி இரு பக்கமும் கட்டுப்பாடு இருந்தால்தான் உரிமையாளர்களும் சம்மதிப்பார்கள்.

இரண்டாவது, அரசே கடையை மூடச் சொல்லுகிற காலத்துக்கும், பேரிடர் என்று அரசு அறிவிக்கிற இடத்துக்கும் சொத்து வரிச் சலுகை. வாடகையை விட்டுக்கொடுத்த உரிமையாளருக்கு அந்த அரையாண்டு சொத்து வரியில் தள்ளுபடி கொடுக்கட்டும். அந்த வருமான இழப்பை மாநில அரசு பேரூராட்சிக்கும் நகராட்சிக்கும் ஈடு செய்யட்டும். மனுவை இருவரில் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று இருக்க வேண்டும். கனடாவில் பட்ட அனுபவம் அதற்குப் போதும்.

மூன்றாவது, வாடகையையே நம்பி வாழும் சிறு உரிமையாளருக்கு, தவணை ஒப்பந்தத்தைக் காட்டினால் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு முன்கடன். பாக்கி வந்து சேரும் வரை அவர் குடும்பமும் ஓட வேண்டும் அல்லவா?

நான்காவது, வாடகை அதிகாரி மாதம் ஒரு நாளாவது ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் முகாம் உட்கார வேண்டும். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கோட்ட அலுவலகம் போய்வருவது தனி ஆளாக வியாபாரம் செய்பவருக்கு எளிதல்ல.

இதைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா என்று யாரும் தயங்க வேண்டாம். கடை வாடகையில் அரசுக்கும் பங்கு இருக்கிறது. உள்ளாட்சி சொத்து வரி வாங்குகிறது. 10.10.2024 முதல், கட்டட உரிமையாளர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராக இருந்தால், பதிவு பெற்ற கடைக்காரரே வாடகைக்கு 18 சதவீதம் வரி கட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். வணிகர்கள் குரல் கொடுத்த பிறகு 2025 ஜனவரியில் காம்போசிஷன் முறையில் உள்ளவர்களுக்கு விலக்குக் கிடைத்தது. மற்றவர்கள் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். உதிரி அரிசி, உதிரி பருப்பு போல வரியில்லாத சரக்கு விற்கும் பங்குக்கு அந்தக் கழிவு கிடையாது என்பது மளிகைக்காரருக்குத் தெரியும். வாடகை ஓடும்போது பங்கு வாங்குகிறவர்கள், வாடகை நிற்கும்போது சுமையிலும் பங்கு ஏற்பதுதானே கூட்டு வியாபாரத்தின் முறை?

இரு தரப்பின் தயக்கங்கள்

மறுபடியும் 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தையே கொண்டுவரப் பார்க்கிறீர்களா என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். இல்லை. வாடகையைக் கட்டிப்போடச் சொல்லவில்லை. கடையைக் கொடுக்காமல் இருக்க வழி கேட்கவில்லை. பாக்கியைக் கட்டக் கால அவகாசம் மட்டுமே கேட்கிறோம். அதுவும் முழுத் தொகைக்கு, எழுத்தில், தேதி போட்டு.

எழுத்தும் பதிவும் வந்தால் வருடா வருடம் வாடகையை ஏற்றுவார்கள், வரிக்காரர் வருவார் என்று வாடகைக்காரர்கள் தயங்குவார்கள். எழுத்து இல்லாவிட்டால் மட்டும் ஏற்றாமல் இருக்கிறார்களா? எழுத்து இருந்தால்தான் எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கும். நாளைக்கு அரசு ஒரு சலுகை அறிவித்தாலும் முதலில் கேட்பது பதிவு எண்ணைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

அரசைக் கேட்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது வரும் வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. எழுத்தில்லாமல் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் உரிமையாளரோடு பேசி ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய நம் சங்கம் ஒரு முகாம் நடத்தலாம். வாடகையை வங்கி வழியாகவோ செல்போன் வழியாகவோ அனுப்பினால் அதுவே சாட்சி. ரொக்கமாகக் கொடுத்தால் ரசீது வாங்காமல் திரும்பக்கூடாது.

அடுத்து, சங்கத்தில் ஒரு சமரசக் குழு அமைக்கலாம். உரிமையாளர் பக்கம் இருவர், வாடகைக்காரர் பக்கம் இருவர், பொதுவாக ஒரு பெரியவர். இரண்டு மாத பாக்கி விழுந்தவுடனேயே வெட்கப்படாமல் குழுவிடம் வர வேண்டும். நான்காவது மாதம் வந்தால் பேச இடமிருக்காது. மொத்த வியாபாரிகளான நாமும் அந்தத் தவணைக் காலத்தில் நம் பற்றைக் கொஞ்சம் நிறுத்தி வாங்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு பக்கமும் இழுத்தால் எந்தக் கடையும் நிற்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கடை நன்றாக ஓடியும் வேண்டுமென்றே வாடகையை நிறுத்தி, உரிமையாளர் வயதானவர், கேட்க ஆளில்லாதவர் என்று பார்த்து இழுத்தடிப்பவர்கள் சிலர் நம் நடுவில் உண்டு. அவர்களுக்காகச் சங்கம் ஒரு வார்த்தையும் பேசக்கூடாது. அப்படி ஒருவருக்குப் பரிந்து பேசினால், நாளை உண்மையிலேயே கஷ்டப்படுகிற பத்துப் பேருக்காக நாம் போய் நிற்கும்போது எந்த உரிமையாளரும் நம்மை நம்ப மாட்டார். எந்த அதிகாரியும் நாற்காலி போட மாட்டார்.

மம்சாபுரம் போன்ற பேரூரில் ஒரு மளிகைக் கடை மூடினால் அந்தத் தெருவில் கூலி வாங்கும் நாள் வரை கடன் கொடுக்கும் ஆள் ஒருவர் குறைகிறார். பெரிய கம்பெனி கடைகள் அந்த இடத்தைப் பிடிக்கலாம்; ஆனால் அங்கே கடன் நோட்டு கிடையாது. வரும் செயற்குழுக் கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, மாவட்டச் சங்கத்துக்கும் மாநிலத் தலைமைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்ப வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். உறுப்பினர்களும் கட்டட உரிமையாளர்களும் தங்கள் கருத்துகளை இதழுக்கு எழுத வேண்டுகிறேன். மாறுபட்ட கருத்தானாலும் எழுதுங்கள். பேசித் தீர்ப்பதுதான் வியாபாரிக்கு அழகு.